டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எடுங்கள்

மாநகராட்சிப் பொது சுகாதாரப் பிரிவு அலுவலர்களுக்கு,

மொட்டை மாடியிலும் பால்கனியிலும் உள்ள “பழைய டப்பா, கப், பாட்டில், பால் பாக்கெட், கொட்டாங்குச்சி முதலியவை” டெங்குக் கொசு உற்பத்தியாகும் பொருட்கள், அப்புறப்படுத்தாவிட்டால் அபராதம் என்று சென்ற ஆண்டு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை இந்த ஆடியிலும் ஒரு சொல் மாறாமல் வந்திருக்கிறது. சென்ற ஆண்டு ஆவணிக் கடைசியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறிய பணியாளர்கள், மாடித் தோட்டக்காரர்களான நாங்கள் நாற்று வளர்த்த தயிர் டப்பாக்களைச் சாக்கில் கொட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்திலேயே கடையில் வாங்கிய பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றை யாரும் தொடவில்லை. தண்ணீர் தேங்கி நின்றது அந்தத் தொட்டிகளின் அடித்தட்டில்தான்.

டெங்கு வந்தால் படுப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான். வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கும் உங்கள் பணியாளர்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்த பட்டியலை அவர்கள் பின்பற்றினார்கள். கோளாறு பட்டியலில் இருக்கிறது. பொருளின் பெயரைச் சொல்கிறதே தவிர, அதன் அடியில் ஓட்டை இருக்கிறதா, உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை.

ஏடிஸ் எஜிப்டி கொசுவைப் பற்றி உங்களுக்கு நாங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது முட்டையிடுவது தேங்கிய தண்ணீரின் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் ஏறினால் பொரியும். புழு வளர்ந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அவ்வளவு நாளும் அதற்கு நின்ற தண்ணீர் வேண்டும். ஈர மண்ணில் அது வளராது. வாரம் ஒருநாள் எல்லாப் பாத்திரங்களையும் தேய்த்துக் காயவைக்கச் சொல்லி நீங்கள் வீடு வீடாகப் பிரசாரம் செய்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். தென்னை நார்க்கழிவு நிரப்பி, அடியில் ஓட்டை போட்டு, மிளகாய் நாற்று வளரும் டப்பா இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

ஓட்டை என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்பதும் எங்களுக்குத் தெரியும். பல பேர் தப்பாகப் போடுகிறார்கள். தயிர் கப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகம் தட்டையாக இருக்காது. நடுப்பகுதி உள்ளே தள்ளியிருக்கும். அதாவது நிமிர்த்தி வைத்தால் உள்ளே நடுவில் மேடு, சுற்றிலும் ஒரு வாய்க்கால். நடுவில் ஓட்டை போட்டால் வாய்க்கால் தண்ணீர் இறங்காது. ஓட்டை அந்தச் சுற்று வாய்க்காலில், பால்பாயிண்ட் பேனா ரீஃபில் நுழையும் தடிமனில், நாலைந்து இருக்க வேண்டும். இரண்டைப் பக்கச் சுவரில், அடியோடு ஒட்டினாற்போலப் போடுவது நல்லது, ஏனென்றால் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தால் அடி ஓட்டை அடைபட்டுவிடும். ஆணியால் குத்தினால் மெல்லிய கப் விரிசல் விடும்; கம்பியைக் காய்ச்சி மெதுவாக அழுத்த வேண்டும், அல்லது சாலடரிங் அயர்ன். பிறகு கப்புகளை இரண்டு ரீப்பர் கட்டை மேலோ செங்கல் மேலோ வைத்தால் வடிந்த தண்ணீர் கண்ணில் தெரியும். உங்கள் பணியாளருக்கும் தெரியும்.

அரை லிட்டர் பால் பாக்கெட் அதைவிட எளிது. மேல் ஒட்டுப்பகுதியை முழுதும் வெட்டி, அன்றைக்கே உள்புறத்தை வெளியே திருப்பிக் கழுவிவிட வேண்டும். நாள் தள்ளினால் பால் பிசுக்கு வாடைக்கு எறும்பு வரும், கீரை விதையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கீழ் மூலைகள் இரண்டையும் அரை விரல் அகலத்துக்குச் சாய்வாக வெட்டினால் அதுவே வடிகால். வாயை ஒரு அங்குலம் வெளிப்பக்கம் மடித்தால் நிற்கும். முக்கால் அளவு நிரப்பிக் காய்கறிக் கிரேட்டில் நெருக்கமாக அடுக்கினால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொள்ளும். நீளவாக்கில் ஆழம் இருப்பதால் தக்காளி, கத்தரி, மிளகாய் வேர் நேராக இறங்குகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை வந்தபோதும் பால் பாக்கெட்டுக்கு விலக்கு கிடைத்தது. தினமும் வீட்டுக்குள் வரும் பொருள். அதை இரண்டாவது தடவை பயன்படுத்துகிறவருக்கு அபராதச் சீட்டு கொடுப்பது என்ன நியாயம்?

கொட்டாங்குச்சி விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறோம். தேங்காயை உடைத்தால் ஒரு மூடியில் மூன்று கண் இருக்கும். அதில் ஒன்று மென்மையான கண். ஒரு ஆணியால் குத்தினால் திறந்துகொள்ளும், தண்ணீர் வடியும். இன்னொரு மூடி கண் இல்லாதது. அதில் துளையிட டிரில் வேண்டும், யாரும் செய்வதில்லை. கண் இல்லாத மூடி மாடியில் கிடந்தால் தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள். கண் உள்ள மூடியும் கீரைக்கும், பதினைந்து நாளில் இடம் மாறிவிடும் நாற்றுக்கும்தான் சரி. ஆழம் குறைவு, அடிமண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அடியில் ஜல்லி போட்டால் வடிந்துவிடும் என்று சொல்வார்கள், அதுவும் தப்பு. ஜல்லிக்கு மேலே மண் ஆரம்பிக்கும் இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். வேருக்கு இருந்த கொஞ்ச ஆழமும் போய்விடும்.

முட்டை அட்டையைப் பற்றி இணையத்தில் ஏகப்பட்ட பாராட்டு. நம் ஊர் வெயிலுக்கு அது உதவாது என்பது எங்கள் அனுபவம். அட்டை மண்ணின் ஈரத்தை உறிஞ்சி வெளியே காயவிடுகிறது. காலையில் ஊற்றினால் மதியத்துக்குள் வறண்டுவிடும். வறளாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சை. இதில் கொசு வளர வாய்ப்பே இல்லை, நாற்று வளரவும் பெரிதாக வாய்ப்பு இல்லை! டீ கப்பில் வேறு சிக்கல்: காகிதம்போல் தெரிந்தாலும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. கப்போடு நட்டால் வேர் வெளியே வராது, சுற்றிச் சுற்றி முடிச்சு விழும். நடும்போது அடியை வெட்டி, பக்கவாட்டில் ஒரு கீறல் போட்டுக் கழற்ற வேண்டும். அந்தப் பூச்சுக் கப்பே தடைப் பட்டியலில் இருக்கிறது. அதை ஒழிக்க வேண்டிய இடம் டீக்கடை.

புடலை, பாகல், சுரை, பீர்க்கு மாதிரிக் கொடிகளுக்குச் செய்தித்தாள் சுருள்தான் சிறந்தது. இவற்றின் வேரைத் தொட்டால் பத்து நாள் முகம் சுளித்துக்கொண்டு நிற்கும். ஒரு தம்ளரைச் சுற்றி இரண்டு சுற்றுக் காகிதம், பத்து சென்டிமீட்டர் உயரம், அடியை உள்ளே மடித்து அழுத்தினால் போதும், பசை வேண்டாம். உண்மை இலை (முளையிலையை அடுத்து வரும் இலை) இரண்டு வந்ததும், விதைத்த பன்னிரண்டு பதினைந்து நாளில், சுருளோடு நடலாம். ஒன்றே ஒன்று: காகித விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் திரிபோல ஈரத்தை வெளியே இழுத்துவிடும். கிழித்துவிட வேண்டும்.

இனி எங்கள் பக்கத்துத் தப்புகள். மறைக்க விரும்பவில்லை.

அடித்தட்டு முதல் குற்றவாளி. தரையில் கறை படியாமல் இருக்க வைக்கிறார்கள்; அதில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது. சின்ன நாற்றுக்கு மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும் என்பதால் தட்டில் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்சவைப்பது நல்ல முறை. ஆனால் பதினைந்து, இருபது நிமிடத்தில் மேல்மண் நனைந்து கருத்துவிடும். மிச்சத்தை அப்போதே கொட்ட வேண்டும். பலர் கொட்டுவதில்லை.

இரண்டாவது, பாட்டிலை வெட்டித் தலைகீழாகச் சொருகி, கீழ்ப்பாதியில் தண்ணீர் வைத்துத் திரி போடும் “தானே நீர் ஊற்றிக்கொள்ளும்” ஏற்பாடு. வீடியோவில் அழகாக இருக்கும். கீழே நிற்பது தெளிந்த தண்ணீர், நிழல், சுற்றிலும் இடுக்கு. ஏடிஸ் கேட்டு வாங்கினாலும் இதைவிட நல்ல வீடு கிடைக்காது. எங்கள் ஆட்களிடம் இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவருகிறோம். நீங்களும் சொல்லுங்கள், வீண் பழி ஏற்கிற தயிர் டப்பாவை விட்டுவிட்டு இதைப் பட்டியலில் பெயர் போட்டே எழுதுங்கள்.

மூன்றாவது, மண் இறங்கிப்போன டப்பா. நார்க்கழிவு ஒரு மாதத்தில் அமுங்கும். நிரப்பும்போது தட்டி அமர்த்தாவிட்டால் கால்வாசி காலியாகிவிடும். அப்போது வேரோ துகளோ ஓட்டையை அடைத்திருந்தால், ஒரு மழைக்கு மேலே இரண்டு அங்குலம் குளம். இதைக் கண்டுபிடிக்க ஒரு தம்ளர் தண்ணீர் போதும். மண் மேல் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மேலே நிற்பது வடிந்து கீழே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் அந்த டப்பா தோல்வி. குச்சியால் ஓட்டையைக் குத்திவிட்டு மறுபடி ஊற்றிப் பார்க்கலாம்.

நான்காவது, ஒன்றுக்குள் ஒன்று சொருகி மூலையில் போட்ட காலி டப்பாக்கள். இதற்கு மன்னிப்பே கிடையாது. கூரைக்குக் கீழே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் எடுத்துக்கொண்டு போவது சரி.

இந்த நான்கில் எதையும் உங்கள் சுற்றறிக்கை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

இன்னொன்றையும் உங்கள் பணியாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஈரம் அதிகமான நார்க்கழிவைக் கிளறினால் பொடிக் கருப்பு ஈக்கள் குபீரென்று எழும்பும். கொசு மாதிரியே மெலிந்த கால், ஆனால் கடிக்காது. அதன் புழு மண்ணுக்குள் இருக்கும்: வெள்ளை நூல் போல உடல், கருப்புத் தலை. கொசுப் புழு தண்ணீரில் நெளியும். சென்ற ஆண்டு பல மாடிகளில் “இதோ கொசு” என்று காட்டி எழுதியது இந்த ஈயைத்தான். இது எங்களுக்கும் எதிரி, இளவேரைத் தின்னும். மேல்மண்ணை ஒரு நாள் காயவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் அடங்கிவிடும். அபராதத்துக்கு உரிய பிராணி இல்லை.

“நாற்றுத்தட்டு வாங்கிக்கொள்ளுங்களேன்” என்பது உங்கள் அதிகாரிகள் சிலர் சொன்ன யோசனை. 98 குழி உள்ள தட்டு நிழல்வலைக் கூடத்துக்கு உரியது. நாளுக்குப் பலமுறை பூவாளி பிடிக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். ஒரு குழியில் ஒரு பெருவிரல் அளவு மண்தான். வேலைக்குப் போகிறவர் வீட்டு மொட்டை மாடியில் அது பதினோரு மணிக்கே காய்ந்துவிடும். தயிர் டப்பாவின் மண் மாலைவரை ஈரம் பிடிக்கும். இன்னொரு காரணம், நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாய் இளைத்து, நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். நெருக்கமாக விதைத்த தட்டில் இரண்டு நாளில் பாதி போய்விடும். தனித்தனி டப்பா என்றால் அந்த டப்பாவோடு நின்றுவிடும். நாங்கள் நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலக்கிறோம். நார்க்கழிவுக் கட்டியை இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து உப்பைக் கழுவிய பிறகே. கலவையில் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) ஒரு ஸ்பூன். விதையை அதன் தடிமனைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்குமேல் புதைப்பதில்லை. இவ்வளவு செய்தும் அழுகல் வரும், காரணம் ஏறக்குறைய எப்போதும் அதிகத் தண்ணீர். ஆகவே டப்பாவில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதில் உங்களைவிட எங்களுக்கு அக்கறை அதிகம். உங்களுக்குக் கொசு, எங்களுக்கு நாற்றே போய்விடும்.

காலக் கணக்கையும் பாருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி மட்டும் கிடையாது, மழையோடு போட்ட ஒப்பந்தம். ஆடிப் பதினெட்டில் விதைத்த மிளகாய் நாற்பது, நாற்பத்தைந்து நாளில், புரட்டாசி முதல் வாரத்தில் நடவுக்கு வரும். கத்தரி முப்பது முப்பத்தைந்து நாள். தக்காளி இருபத்தைந்து. பெரிய பைக்கு மாறி, வேர் பிடித்து நிற்கும்போதுதான் ஐப்பசி அடைமழை வர வேண்டும். ஆவணிக் கடைசியில் நீங்கள் டப்பாவைக் கொட்டினால் அன்றே மறுபடி விதைத்தாலும் மிளகாய் நாற்று தயாராவது ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரத்தில். அப்போதுதான் நட்ட நாற்று அந்த மழையில் தாங்காது. அவ்வளவுதான், அந்த வருடம் மிளகாய் இல்லை. நாட்டு ரக விதை என்றால், பலரிடம் கைமாறிவந்த கடைசிப் பத்து விதையும் அதோடு சரி. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் “மாடித்தோட்டத் தளை” என்ற தொகுப்பைக் கொடுக்கிறது: வளர்ப்புப் பை, நார்க்கழிவு, விதைப் பொட்டலம் எல்லாம் இருக்கும். அந்த விதையை எதில் முளைக்கவைப்பது? வீட்டில் இருக்கும் டப்பாவில். ஒரு துறை கொடுத்த விதையை இன்னொரு துறை சாக்கில் கொட்டுகிறது.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தந்தது ஒன்று உண்டு. எடுத்துச் சென்ற டப்பாக்களில் இருந்த மண் வழியிலேயே கொட்டப்பட்டது. காலி டப்பாக்கள் தெருமுனைக் குவியலில் நாலைந்து நாள் கிடந்தன. ஓட்டை போட்டவையும் போடாதவையும் கலந்து, சாய்ந்தும் நிமிர்ந்தும். இரண்டு மழை பெய்தது. மாடியில் மண்ணும் செடியுமாக இருந்தவரை அவற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை, தெருமுனையில் நின்றது.

எனவே நாங்கள் கேட்பது:

சுற்றறிக்கையில் உள்ள பொருட்பட்டியலை எடுத்துவிட்டு, “தண்ணீர் தேங்கும், வடிகால் இல்லாத எதுவும்” என்று மாற்றுங்கள். அதில் செடித் தொட்டியின் அடித்தட்டையும், திரி வைத்த பாட்டிலையும், கண் இல்லாத கொட்டாங்குச்சியையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கியதா, வீட்டில் கிடைத்ததா என்ற பேதம் வேண்டாம்.

மாடிக்கு வரும் பணியாளர் டப்பாவைத் தூக்கி அடியைப் பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும். தண்ணீர் வீட்டுக்காரர் கொடுப்பார். வடியாத டப்பாவில் நாற்று இருந்தால் அங்கேயே ஓட்டை போடவோ, நாற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றவோ அந்த நேரம் கொடுங்கள். மறுவாரமும் அதே நிலை என்றால் அபராதம் போடுங்கள், நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

எடுக்கும் காலி டப்பாக்களை அன்றைக்கே நசுக்கி உலர்கழிவு வண்டியில் ஏற்றுங்கள். தெருமுனையில் ஓர் இரவுகூட வைக்காதீர்கள்.

சென்ற ஆண்டு ஓட்டை உள்ள நாற்று டப்பாக்களுக்காக எழுதிய அபராதச் சீட்டுகளை மறு ஆய்வு செய்யுங்கள். புகைப்படம் பலரிடம் இருக்கிறது, கொண்டுவந்து காட்டத் தயார்.

ஆவணி பிறப்பதற்குள் உங்கள் கொசு ஒழிப்புப் பணியாளர்களை ஒரு அரைநாள் ஏதாவது ஒரு மாடித் தோட்டத்துக்கு அழைத்து வாருங்கள். கொசுப் புழுவையும் கருப்பு ஈயின் புழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம். எங்கள் பங்குக்கு, ஒவ்வொரு ஞாயிறும் தட்டுகளைத் தேய்த்துக் காயவைத்து, டப்பாக்களின் ஓட்டையைச் சோதித்து, தேதியை மாடிக் கதவில் எழுதி வைக்கிறோம். தேதி இல்லாத மாடிக்கு முதலில் வாருங்கள்.

திருத்திய சுற்றறிக்கை ஆடி முடிவதற்குள் எழுத்தில் வேண்டும். வாய்மொழி உறுதி போதாது, மாடி ஏறி வருபவரின் கையில் இருப்பது காகிதம்தான். புரட்டாசி முதல் வாரம் மிளகாயும் பைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எங்களிடம் மிஞ்சுபவை காலி டப்பாக்கள். வண்டி வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் நாங்களே அடுக்கி வாசலில் வைக்கிறோம்.

இப்படிக்கு,
மாடித் தோட்டக்காரர்கள்